விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை

கடலோரத்தில் பழைய கார் வைத்திருப்பவருக்கு இப்படி ஒரு காலைப்பொழுது வந்தே தீரும். சாவியைத் திருப்பினால் என்ஜின் பக்கமிருந்து ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம். மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’. பேட்டரி இறங்கிவிட்டதோ என்று ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று எரிகிறது. ஹாரனும் நன்றாக அடிக்கிறது. ‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப்தான் போயிடுச்சு’ என்று முடிவு கட்டி, மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்புகிறார்கள். அது புது பிரஷ், புது புஷ்ஷோடு திரும்பி வருகிறது. மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால் அதே ‘டக்’.

இந்தக் கதையில் மோட்டார் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. விளக்கு எரிகிறது என்பதை வைத்து செல்ஃபுக்கும் மின்சாரம் சரியாகப் போகிறது என்று நினைப்பதில்தான் கோளாறு. இரண்டும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தாலும், எடுக்கும் அளவில் ஐம்பது மடங்கு வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், செல்ஃப் ரிப்பேரில் பாதி வேலை ஸ்பேனரைத் தொடாமலே முடிந்துவிடும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது இன்னும் அவசியம்.

சுண்ணாம்புக்குளத்தை எடுத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரியின் மேற்குப் பக்கம் இருக்கும் ஊர். சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. வடகிழக்குப் பருவமழை கொட்டினால் ஏரி நீர் உப்புக் குறைந்து கிடக்கும். சித்திரை வைகாசியில் வற்றிச் சுருங்கி, கரையோரச் சேறெல்லாம் உப்புப் பூத்து வெளுத்துவிடும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு வரும். ஏரிக்கரைக் குப்பங்களில் கதவுக் கீலிலிருந்து சைக்கிள் செயின்வரை எதுவும் அதற்குத் தப்புவதில்லை.

சாதாரண சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். நம் கடற்கரையில் காற்று அவ்வளவு காய்வது அபூர்வம். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும், இங்கே நிற்கும் வண்டியின் ஒவ்வொரு உலோக இணைப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் படிந்தே இருக்கிறது. செம்புக் கம்பி, ஈயத்தாலான பேட்டரி டெர்மினல், இரும்பு போல்ட் ஆகிய மூன்றும் அந்தப் படலத்தின் அடியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. உப்புநீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அதுவே ஒரு குட்டி பேட்டரி. ஒரு உலோகம் அரித்துப்போய்க்கொண்டே இருக்கும். செம்பின் மேல் பச்சையாகக் களிம்பு ஏறும். களிம்பு வெளியே தெரிந்தால் நல்லது, சுரண்டிவிடலாம். ஆனால் கேபிளின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயும் இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறி, விரல் நீளத்துக்கு மேல் உள்ளே கறுத்துப்போயிருக்கும். அது வெளியிலிருந்து தெரியாது.

இந்த ஊருக்கு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுவந்து ஒரு மழைக்காலம் நிறுத்திவைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். ஹெரால்டை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அது சென்னையின் சொந்த வண்டி. இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரிலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு 1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது. வண்டலூர்–பெருங்களத்தூர்ப் பக்கம் அதன் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961-இலிருந்து டிரையம்ஃப் ஹெரால்டு, ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் 948 சிசி என்ஜினோடு வெளிவந்தது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இரண்டு சீட் வைத்து, 1962-இல் இங்கிலாந்தில் இறக்கியதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி. ஸ்பிட்ஃபயருக்கு 1147 சிசி என்ஜின், ஆனால் அதே குடும்பம். லண்டனில் ஒருவர் தன் ஸ்பிட்ஃபயரில் செய்யும் செல்ஃப் ரிப்பேரும், இங்கே ஒருவர் தன் ஹெரால்டில் செய்யும் ரிப்பேரும் ஏறக்குறைய ஒன்றே.

செல்ஃபும் லூக்காஸ் குடும்பம். பர்மிங்காமின் ஜோசப் லூக்காஸ் கம்பெனிதான் எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி என்று அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு டைனமோ, செல்ஃப், சுவிட்ச் எல்லாம் கொடுத்தது. அந்த லூக்காஸும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து 1961-இல் தொடங்கிய லூக்காஸ்-டிவிஎஸ் சென்னை பாடியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஊர்தோறும் ‘செல்ஃப், டைனமோ ரிப்பேர்’ என்று போர்டு மாட்டிய கடைகள் பெருகியதில் இந்தத் தொழிற்சாலைக்குப் பெரும் பங்குண்டு என்பது என் எண்ணம். கையில் சரக்கு புழங்கினால்தான் கைவேலையும் வளரும்.

இனி கணக்குக்கு வருவோம். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். நின்றுகொண்டிருக்கும் செல்ஃப் மோட்டார் முதல் உந்துதலில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். ஓம் விதிப்படி 12.6-ஐ 400-ஆல் வகுத்தால், பேட்டரியின் உள்தடை, கேபிள்கள், சுவிட்ச், மோட்டார் எல்லாம் சேர்ந்த மொத்தத் தடை சுமார் 0.03 ஓம். இவ்வளவு குறைந்த தடையுள்ள சுற்று வண்டியில் வேறு எங்கும் கிடையாது. அதனால்தான் அதன் கேபிள் கட்டைவிரல் பருமன்.

இப்போது உப்புக்காற்று ஏதோ ஒரு டெர்மினலில் 0.01 ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டுகள் இரண்டும் சேர்ந்து ஏழெட்டு ஆம்பியர்தான் எடுக்கும். அந்தத் தடையில் அவை இழப்பது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. செல்ஃபுக்கோ மொத்தத் தடை 0.03-லிருந்து 0.04-க்கு ஏறிவிட்டது. 400 ஆம்பியர் 300 ஆகிறது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்தைவிட வேகமாக விழும் என்பதால், கால்வாசிக்குக் குறையாமல் விசை போய்விடும். கிட்டத்தட்டப் பாதியும் போகலாம். மிச்சமுள்ள விசை என்ஜினின் அமுக்கத்தை மீறிச் சுற்றப் போதாது. அந்தக் களிம்பேறிய இணைப்பில் மட்டும் அந்த நேரத்தில் 900 வாட் சூடாக வீணாகிறது. ஓர் இஸ்திரிப் பெட்டியை அந்த டெர்மினலில் செருகிவைத்த மாதிரி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 25 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நல்ல செம்புக் கேபிளின் ஒரு மீட்டருக்குத் தடை 0.0007 ஓம். அப்படியானால் விரல்நகம் அளவு களிம்பு, பதினான்கு மீட்டர் கேபிளைக் கூடுதலாக இணைத்ததற்குச் சமம்.

ஆகவே முதல் வேலை மோட்டாரைக் கழற்றுவது அல்ல, அளப்பது. மல்டிமீட்டர் ஒன்று போதும். இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால் என்ஜின் பிடிக்காது, சுற்ற மட்டும் செய்யும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். உள்ளே ஒருவர் சாவியைத் திருப்ப, வெளியே ஒருவர் மீட்டரைப் பிடிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மறு முனையைக் கிளாம்பில் வையுங்கள். சாவியைத் திருப்பும்போது மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அந்த இணைப்பு சரி. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் திருடன் பிடிபட்டுவிட்டான். அடுத்து பேட்டரிக் கட்டைக்கும் செல்ஃபின் ஸ்டட்டுக்கும் நடுவே பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடைசியாக என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரியின் எர்த் கட்டைக்கும் நடுவே பாருங்கள். கால் வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

இந்தக் கடைசி அளவைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஏரியில் ஓடும் ஃபைபர் படகில் பேட்டரி வைத்தால், போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் என்று இரண்டும் கண்முன்னே கிடக்கும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. காரில் அப்படியில்லை. திரும்பும் பாதை இரும்பு உடம்புதான். என்ஜினோ ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினிலிருந்து உடம்புக்கு மின்சாரம் தாண்டிப்போக, பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று வண்டிக்கு அடியில் சேறும் தண்ணீரும் படும் இடத்தில் மாட்டியிருக்கும். சுண்ணாம்புக்குளம் மாதிரி ஊரில் முதலில் சாவது அதுதான். அது அறுந்துபோனால் 300 ஆம்பியரும் வேறு வழி தேடும். சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் போன்ற மெல்லிய எஃகுக் கம்பிகள் வழியாகப் பாயப் பார்க்கும். அவை பழுத்துப் புகையும். செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டிலிருந்து புகை வந்தால் மோட்டாரைப் பார்க்காதீர்கள். எர்த் பட்டையைப் பாருங்கள்.

அளக்க மீட்டர் இல்லாத ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேறொரு வழி வைத்திருப்பார். “சார், ரெண்டு தடவை செல்ஃப் அடிங்க” என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டுப் பார்ப்பார். எது சுடுகிறதோ அதில்தான் தடை. மேலே போட்ட 900 வாட் கணக்கைத்தான் அவர் விரல் நுனியில் வாசிக்கிறார்.

சத்தமும் நிறையச் சொல்லும். ஒற்றை ‘டக்’ என்றால் சொலினாய்டு என்ற காந்த சுவிட்ச் இழுத்துவிட்டது, மோட்டாருக்கு மின்னோட்டம் போதவில்லை. ‘டகடகடக’ என்று அடுக்கினால் பேட்டரியே பலவீனம்: சொலினாய்டு இழுக்கிறது, மோட்டார் ஓட்டத்தை உறிஞ்சியதும் வோல்ட் சரிகிறது, சொலினாய்டு விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. ‘ங்கீ’ என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால், மோட்டாரின் சின்னப் பல்சக்கரமான பினியன் என்ஜினின் பற்களில் போய்ச் சேரவில்லை. ஒரு சத்தமுமே இல்லையென்றால் சாவி சுவிட்சிலோ மெல்லிய ஒயரிலோ கோளாறு. பழைய லூக்காஸ் சொலினாய்டுகள் பலவற்றில் பின்பக்கம் ரப்பர் மூடியோடு ஒரு குமிழ் இருக்கும். கியரில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பானெட்டைத் திறந்து அதைக் கையால் அழுத்தினால் மோட்டார் நேராக வேலை செய்யும். அருமையான ஏற்பாடு, இப்போது வரும் வண்டிகளில் அது இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மோட்டார் மேல்தான் சந்தேகம் என்றால் கழற்றலாம். ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் இது சுகமான வேலை. பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே தகடாக முன்பக்கம் சாய்ந்து திறந்துகொள்ளும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். முதலில் பேட்டரியின் எர்த் கேபிள், பிறகு செல்ஃபின் கேபிள், பிறகு இரண்டே போல்ட். மோட்டாருக்கும் அது உட்காரும் தட்டுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கலாம். பினியன் எவ்வளவு ஆழம் பற்களில் இறங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அவைதான். கீழே விழுந்து மண்ணில் காணாமல் போகாமல் எடுத்துவைக்க வேண்டும்.

கையில் எடுத்ததும் அதன் கனம் தெரியும். இந்த மோட்டாரின் கம்பிகள் மெல்லிய ஒயர்கள் அல்ல, தட்டையான செம்புப் பட்டைகள். சுற்றுகளும் குறைவு. சுற்றி நிற்கும் ஃபீல்டு காயிலும், நடுவே சுழலும் ஆர்மெச்சரும் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் ஓடும் அதே மின்சாரம்தான் மற்றதிலும் ஓடும். இதுதான் சீரிஸ் மோட்டார். நின்றுகொண்டிருக்கும்போது, சுழற்சியால் உண்டாகும் எதிர்மின்னழுத்தம் இல்லாததால் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். இரண்டு காந்தங்களும் ஒரே சமயத்தில் உச்சத்தில் இருக்கும். விசையும் அப்போதுதான் அதிகம். என்ஜினை அசைக்கத் தேவைப்படுவதும் சரியாக அந்தக் கணத்தில்தான். சுற்றல் ஏற ஏற எதிர்மின்னழுத்தம் வளர்ந்து ஓட்டம் தானாகக் குறையும்.

வீட்டு மிக்ஸியில் இருப்பதும் சீரிஸ் மோட்டார்தான். மின்சாரம் திசை மாறினால் இரண்டு காந்தங்களும் சேர்ந்தே திசை மாறுவதால், சுற்றும் திசை மாறாது. அதனால்தான் மிக்ஸி ஏசி மின்சாரத்தில் ஓடுகிறது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். எம்ஜிபி காரில் 1967 வரை அப்படித்தான் இருந்தது. அதை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுகிறவர்கள் டைனமோவையும் ரேடியோவையும் பற்றிக் கவலைப்பட வேண்டும். செல்ஃபைப் பற்றிக் கவலையே வேண்டாம். எப்படி மாட்டினாலும் அது ஒரே பக்கம்தான் சுற்றும்.

மோட்டாரின் பின்பக்கப் பட்டையை நகர்த்தினால் பிரஷ்கள் தெரியும். வளைத்த கம்பியால் ஸ்பிரிங்கைத் தூக்கி, பிரஷை அதன் கூட்டிலிருந்து இழுத்துப் பாருங்கள். தாராளமாக வர வேண்டும். கடலோர வண்டியில் கூடு துருவேறி, பிரஷ் உள்ளேயே சிக்கி, ஆர்மெச்சர் முனையிலுள்ள கம்யூடேட்டரைத் தொடாமல் நிற்பது அடிக்கடி காண்பது. பிரஷின் பக்கங்களை லேசாக அரத்தால் தேய்த்து, கூட்டைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். பிரஷின் நீளம் சுமார் 8 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஃபீல்டு காயிலோடு சேர்ந்த பிரஷ்களை மாற்றும்போது ஒரு சங்கடம் உண்டு: பிற்கால மோட்டார்களில் காயில் அலுமினியமாக இருக்கும். அலுமினியத்தில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. பழைய பிரஷின் செம்புப் பின்னலை முழுதாக வெட்டாமல் கொஞ்சம் விட்டு, அந்த மிச்சத்தோடுதான் புதியதைப் பற்றவைக்க வேண்டும்.

கம்யூடேட்டரைப் பெட்ரோல் துணியால் துடைத்தால் போதும். கறை போகாவிட்டால் மெல்லிய கண்ணாடித் தாள். எமரித் தாள் கூடாது. அதன் தூள் செம்பில் பதிந்து பிரஷைத் தின்றுவிடும். டைனமோ பழகிய கைகள் செய்யும் ஒரு வேலை இங்கே கூடாது. டைனமோவில் செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைக் கொஞ்சம் தோண்டித் தாழ்த்துவார்கள். லூக்காஸின் பழைய செல்ஃபில் தோண்டக் கூடாது என்பதே கம்பெனியின் அறிவுரை. செல்ஃப் பிரஷில் செம்பு அதிகம். தேய்ந்து உதிரும் தூள் மின்சாரத்தைக் கடத்தும். தோண்டிய பள்ளத்தில் அது நிரம்பினால் பட்டைகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும்.

ஆர்மெச்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறதா என்பதை ரீவைண்டிங் கடையில் பார்ப்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ‘வி’ வடிவக் காந்தத்தின் மேல் ஆர்மெச்சரை வைத்து ஏசி மின்சாரம் கொடுப்பார்கள். குரோலர் என்பார்கள் அதை. ஒரு ஹேக்ஸா பிளேடை ஆர்மெச்சரின் மேல் லேசாகப் பிடித்து, மெல்ல உருட்டுவார்கள். நல்ல இடங்களில் பிளேடு சும்மா இருக்கும். ஷார்ட் ஆன காயிலின் மேல் வந்ததும் ‘டர்ர்’ என்று அதிரும். மூடிய சுற்றுக்குள் மின்காந்தத் தூண்டலால் ஓடும் மின்சாரத்தை, ஒரு சாதாரண பிளேடு கையில் உணர்த்திவிடுகிறது.

இரண்டு முனையிலும் இருக்கும் புஷ்கள் தேய்ந்திருந்தால் ஆர்மெச்சர் இறங்கி, சுற்றியுள்ள இரும்பில் உரசும்; பளபளவென்று உரசல் தடம் தெரியும். புது புஷ் நுண்துளை நிறைந்த வெண்கலம். மாட்டுமுன் ஒரு நாள் முழுக்க என்ஜின் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். எண்ணெயைத் துளைகளில் குடித்து வைத்துக்கொண்டு, ஆயுள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். மாட்டிய பிறகு உள்ளே அறுத்துப் பெரிதாக்கினால் துளைகள் அடைபட்டுவிடும்.

அடுத்தது பெண்டிக்ஸ். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கர் 1910-களில் கொண்டுவந்த இந்த அமைப்பு இயந்திரவியலில் எனக்கு மிகப் பிடித்தவற்றில் ஒன்று. செல்ஃபின் பினியனில் ஒன்பது பத்துப் பற்கள். ஃப்ளைவீலின் ரிங் கியரில் நூற்றுக்கு மேல். மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் என்ஜின் ஒரு சுற்று. அதனால்தான் இவ்வளவு சின்ன மோட்டாரால் என்ஜினை அசைக்க முடிகிறது. ஆனால் என்ஜின் பிடித்து 3000 சுற்றுக்குப் போகும்போது பினியன் இன்னும் பிடியில் இருந்தால், மோட்டார் 30,000-க்கு மேல் சுற்ற வேண்டிவரும். செம்புப் பட்டைகள் பள்ளத்திலிருந்து பிய்த்துக்கொண்டு சிதறிவிடும். ஆகவே பினியன் வேண்டும்போது போய்ச் சேர வேண்டும். வேண்டாதபோது உடனே விலக வேண்டும். இதற்கு பெண்டிக்ஸ் தனியாக ஒரு காந்தமோ நெம்புகோலோ வைக்கவில்லை. பினியனை ஆர்மெச்சர் தண்டின் மேல் ஒரு திருகுமரையில் உட்காரவைத்தார். மோட்டார் திடீரென்று சுற்றும்போது, கனமான பினியன் தன் நிலைமத்தால் பின்தங்கும். பின்தங்குவதாலேயே மரையில் ஓடிப்போய் ரிங் கியரில் விழும். முட்டும் அதிர்ச்சியை ஒரு தடித்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். என்ஜின் பிடித்ததும் ரிங் கியர் பினியனை மோட்டாரைவிட வேகமாகச் சுற்றும்; பினியன் அதே மரையில் பின்வாங்கித் தன் இடத்துக்கு வந்துவிடும். நியூட்டனின் முதல் விதி சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது.

இந்த மரை வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று கிரீஸோ எண்ணெயோ விடுவது இயல்பாகத் தோன்றும். அதுதான் அதைக் கொல்லும். பக்கத்திலேயே கிளட்ச் இருக்கிறது. அதன் தூள் எண்ணெயில் ஒட்டிப் பிசினாகிவிடும். பினியன் பாதி வழியில் நிற்கும். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, அப்படியே மாட்ட வேண்டும் என்பதே அந்தக் கால கைநூல்களின் அறிவுரை. கடலோரத்தில் காய்ந்த மரை துருப்பிடிக்குமே என்ற கேள்வி நியாயமானது. வண்டியை வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்டார்ட் செய்வதுதான் இதற்கு வழி. ஓடுகிற மரையில் துரு உட்காராது. மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் ‘ங்கீ’ என்ற சத்தம்தான் கேட்கும்.

பினியன் போய்ச் சிக்கிக்கொண்டு திரும்பாமல் நிற்பதும் உண்டு. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அசைவில்லை. டாப் கியரைப் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். பல லூக்காஸ் மோட்டார்களில் பின்முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். கழற்றினால் தண்டின் முனை சதுரமாகத் தெரியும். ஸ்பேனரால் திருப்பினால் பினியன் பின்வாங்கிவிடும்.

செல்ஃப் வருமுன் எல்லாம் கைதான். ஏரியிலும் கடலிலும் ஓடும் ஃபைபர் படகுகளின் சின்ன டீசல் என்ஜினை இன்றும் கையால்தான் கிளப்புகிறார்கள். பெட்ரோல் என்ஜின் காற்றை எட்டு ஒன்பது மடங்கு அமுக்கினால் போதும். டீசல் பதினேழு பதினெட்டு மடங்கு அமுக்க வேண்டும். அதைக் கையால் நேராக மீற முடியாது. அதனால் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, வால்வைத் திறந்தபடி வைத்து, ஃப்ளைவீலை வேகமாகச் சுற்றி, லீவரைச் சட்டென்று விடுவார்கள். கை கொடுத்த ஆற்றலைக் கனமான சக்கரம் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒரே அமுக்கத்தில் செலவழிக்கும். காரில் பேட்டரி செய்யும் வேலையைப் படகில் ஃப்ளைவீல் செய்கிறது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ள வேண்டும். என்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கை தப்ப அதுதான் வழி. கார்களின் ஆரம்ப காலத்தில் இப்படி மணிக்கட்டு உடைந்தவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஆபத்தை முடித்துவைத்தவர் சார்லஸ் கெட்டரிங். பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் வைத்தவர் அவர். டிராயர் திறக்க ஒரு கணம்தான் விசை வேண்டும். அந்த ஒரு கணத்துக்குச் சின்ன மோட்டாரை அதன் தாங்குசக்தியைவிடப் பல மடங்கு வேலை வாங்கலாம், சூடேறுமுன் வேலை முடிந்துவிடும் என்று அங்கே கண்டுகொண்டார். என்ஜினைச் சுற்றவும் அதே வழியைப் பிடித்தார். 1912 மாடல் கேடிலாக் செல்ஃபோடு வந்தது. இன்றும் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: இந்த மோட்டார் கொஞ்ச நேர வேலை, பிறகு ஓய்வு என்ற கணக்கில் அளவெடுத்துச் செய்தது. ஒரு ஸ்டார்ட்டுக்கு 150 ஆம்பியர், இரண்டு வினாடி என்று வைத்தால் 0.08 ஆம்பியர்-மணிதான் செலவு. டைனமோ 10 ஆம்பியர் கொடுத்தால் அரை நிமிடத்தில் ஈடாகிவிடும். பேட்டரியிலிருந்து எடுப்பது கொஞ்சம்தான்; எடுக்கும் வேகம்தான் அசாத்தியம். அந்த வேகத்துக்குத்தான் ஒவ்வொரு இணைப்பும் சுத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது.

மோட்டாரை மாட்டுமுன் அது உட்காரும் இரும்பு முகத்தையும், மோட்டாரின் முகத்தையும் பளிச்சென்று சுரண்ட வேண்டும். எர்த் அந்த முகம் வழியாகத்தான் போகிறது. அங்கே பெயின்ட் அடித்து அழகுபடுத்துவது வேண்டாத வேலை. எர்த் பட்டையைப் புதிதாகவே போட்டுவிடுவது நல்லது. இணைப்புகளைச் சுத்தம் செய்து இறுக்கிய பிறகுதான் மேலே வாசலினோ கிரீஸோ பூச வேண்டும். முதலில் பூசிவிட்டு இறுக்கினால் உலோகமும் உலோகமும் சரியாகத் தொடாது. கேபிளும் லக்கும் சேருமிடத்தை இறுக்கிப் பிடிக்கும் உறையால் மூடினால் இழைகளுக்குள் உப்பு ஏறுவது வருடக்கணக்கில் தள்ளிப்போகும்.

பழைய செல்ஃபைத் தூக்கிப்போட்டுவிட்டு, உள்ளே கியர் வைத்த நவீன செல்ஃபை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது சின்னது, கனம் குறைவு, ஓட்டமும் குறைவாக எடுக்கும். சொலினாய்டே பினியனைத் தள்ளிவிட்டு, அது பற்களில் விழுந்த பிறகுதான் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும். ரிங் கியரின் பற்கள் அவ்வளவாகத் தேயாது. வேலைக்குத் தினமும் எடுத்துப்போகும் வண்டியென்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் குறைந்த ஓட்டத்தில் ஓடுவதாலேயே, களிம்பேறிய கேபிளோடும் அது கொஞ்ச காலம் சமாளிக்கும். கோளாறு தீராமல் மறைந்திருக்கும். அரிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். அதனால் எந்த மோட்டாரைப் போடுவதாக இருந்தாலும், முதலில் மேலே சொன்ன மூன்று அளவையும் எடுத்து, 0.01 ஓம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.